கடலைப் பார்க்கக் காசா? சுற்றுலாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சிட்னியின் மேற்குப் புறநகர்களிலிருந்து ஆண்டுதோறும் பஸ் பிடித்து, தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஜெர்விஸ் விரிகுடாவுக்குப் போய்வரும் நம் குழுவின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். உங்களோடு நான்கு முறை வந்திருக்கிறேன். நான்கு முறையும் புளியோதரை, கட்லெட், பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர் என்று ஒரு குறையும் இல்லை. ஆகவே இதை உண்ட வீட்டைத் தூற்றும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்ற ஈஸ்டர் விடுமுறையில் அந்த விரிகுடாக் கரையின் பூடரீ தேசியப் பூங்கா நுழைவாயிலில், கட்டணம் கட்ட பஸ் நின்ற அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"கடலைப் பார்க்கக் காசா?" என்று முன் இருக்கையிலிருந்து ஒரு குரல். "இந்த அரசாங்கம் எதற்குத்தான் பிடுங்கவில்லை?" என்று இன்னொன்று. "பேசாமல் ஹையாம்ஸ் கடற்கரையிலேயே இறங்கியிருக்கலாம், அங்கே இலவசம்" என்றார் மூன்றாமவர். பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசி இருக்கையில் இருந்த நானும் சிரித்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சிரித்திருக்கக் கூடாது. அந்த நிலம் அரசாங்கத்தினுடையது அல்ல. அது ரெக் பே பழங்குடிச் சமூகத்தின் சொத்து. தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் வாழ்ந்த மக்களுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தங்கள் கிராமத்தையும் சுற்றுப்புறத்தையும் தந்தது. பூங்காவும் தாவரவியல் தோட்டமும் 1995இல் அவர்கள் பெயருக்கு வந்தன. அவர்கள் அதை ஆஸ்திரேலிய அரசின் பூங்கா நிர்வாகத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்களே. அதாவது இங்கே வீட்டுக்காரர் ரெக் பே மக்கள், குடித்தனக்காரர் அரசாங்கம். வாரம் தவறாமல் வாடகை கட்டிக்கொண்டு வீட்டு முகவருக்குப் பயந்து வாழும் நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் இனிக்கத்தான் வேண்டும்.

தன்னுடையது என்று நினைத்து அரசாங்கம் அந்த இடத்தை வைத்திருந்த லட்சணத்தையும் சொல்கிறேன். நாம் ஒவ்வொரு முறையும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இடிந்த கலங்கரை விளக்கம் 1860இல் கட்டப்பட்டது. கட்டிய இடமே தவறு. வடக்கிலிருந்து வரும் கப்பலுக்கு விளக்குத் தெரியாது, தெற்கிலிருந்து வருவதற்கும் சரியாகத் தெரியாது. அதைச் சுற்றிய கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் உடைந்த பிறகுதான் 1899இல் விரிகுடாவின் எதிர்முனையில் வேறொன்று எரியத் தொடங்கியது. கான்பெராவில் தலைநகர் அமைத்தவர்கள், தலைநகருக்கு ஒரு கடல்வழி வேண்டும் என்று 1915இல் பூங்கா இருக்கும் இந்தத் தீபகற்பத்தை நியூ சவுத் வேல்ஸிடமிருந்து மத்திய அரசின் கைக்கு மாற்றினார்கள். மீன் பிடித்து வாழ்ந்த குடும்பங்களை யாராவது கேட்டிருப்பார்களா?

நம் பஸ் நிற்குமே, மரேஸ் கடற்கரையின் விசாலமான வண்டி நிறுத்துமிடம், அது வண்டிகளுக்காகச் சமன் செய்த நிலம் என்றா நினைத்தீர்கள்? ஆஸ்திரேலியாவின் முதல் அணுமின் நிலையம் அங்கேதான் வருவதாக இருந்தது. 1969இல் அறிவித்தார்கள், மரத்தை வெட்டி மண்ணைச் சமன்படுத்தினார்கள், 1971இல் பிரதமர் மாறியதும் கைவிட்டார்கள். நாம் ஐஸ் பெட்டியை இறக்கி வைக்கும் இடம் ஓர் அணு உலைக்கு வெட்டிய களம். இதை அறிந்த பிறகு அங்கே வடை தின்பது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது.

இவையெல்லாம் பழங்கதை. பழையதாகாத ஒன்றும் இருக்கிறது. பக்கத்துக் கடற்படைத் தளத்தில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய தீயணைப்பு நுரையின் இரசாயனம் ஓடைகளில் இறங்கியது. தலைமுறைகளாக மீனும் சிப்பியும் எடுத்த நீர்நிலைகளை ரெக் பே மக்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று. வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் 2.2 கோடி டாலருக்கு அரசு இணங்கியது. அந்த வழக்கில் அவர்கள் கேட்டது சொத்துக்கு மட்டுமல்ல. பிள்ளைகளை அழைத்துப்போய், இந்த ஓடையில் இதை இப்படி எடு என்று காட்ட முடியாமல் போனதற்கும் சேர்த்துத்தான். பூடரீ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் மீன் மிகுந்த இடம் என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட ஊரில் மீனுக்கு அஞ்சுவது எப்படி இருக்கும் என்று கரைவலை இழுத்த குடும்பத்திலிருந்து வந்த ஒருவருக்காவது நம் பஸ்ஸில் புரிந்திருக்கும்.

இப்போது என் தனிக்கதை. அன்று நீங்கள் பூங்காவுக்குள் கிரீன் பேட்ச் கடற்கரையில் கிரிக்கெட் ஆடியபோது நான் மட்டும் கழன்று தாவரவியல் தோட்டத்துக்குப் போனேன். (மூன்றாவது ஓவரிலேயே நான் ஆட்டமிழந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.) கான்பெராவின் உறைபனி தாங்காத செடிகளை வளர்க்க 1951இல் தொடங்கிய தோட்டம் அது. இன்று ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களுக்குச் சொந்தமான ஒரே தாவரவியல் தோட்டம். அங்கு வேலை செய்யும் ரெக் பே இளைஞர் ஒருவர், கேட்காமலேயே எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார். புல்மரம் என்று ஒன்று, கருத்த தண்டின்மேல் பச்சை முடியை விரித்துப் போட்டதுபோல் நிற்கும். அதன் பிசினைச் சூடாக்கி ஈட்டிமுனையை ஒட்டுவார்களாம். நீண்ட பூந்தண்டு ஈட்டிக்குக் காம்பாகும். கூடை பின்னும் கோரை போன்ற ஓர் இலையைப் பிடுங்கி அதன் வெள்ளை அடியைக் கடித்துப் பார்க்கச் சொன்னார். இளம் பட்டாணி போல ருசித்தது. லில்லி பில்லி மரத்தடியில் நின்றபோது, இது எங்கள் நாவல் மரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று நான் சொன்னேன். நாவல் பழம் நாக்கை ஊதாவாக்கும் என்றதும் உரக்கச் சிரித்தார். இரண்டும் ஒரே பேரினம்தான். அதை நான் இட்டுக்கட்டவில்லை.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் பஸ்ஸிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வருவார்களா?" மதிய உணவு முடிந்ததும் வருவார்கள் என்றேன். யாரும் வரவில்லை. நான் திரும்பியபோது ஒரு சிறுமி பை நிறையச் சிப்பி அள்ளி வைத்திருந்தாள். அவள் அப்பா ரொசெல்லாக் கிளிகளுக்கு முறுக்கு உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சிறுமி எடுத்தவை அன்றைய அலை ஒதுக்கியவையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீபகற்பத்தில் மணல்மேட்டின் ஓரம் அடுக்கடுக்காகத் தெரியும் சிப்பிகள், அந்த மக்களின் முன்னோர் காலங்காலமாக உண்டு போட்ட குவியல்கள். அவர்களுக்கு அதுதான் பட்டா, அதுதான் கல்வெட்டு. எது குவியல், எது குப்பை என்று நமக்குப் பிரித்தறியத் தெரியாதபோது இரண்டையும் தொடாமல் விடுவதே முறை.

எனவே அடுத்த பயண அறிவிப்பை எழுதும்போது என் வேண்டுகோளைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். "வெள்ளை மணல், பார்பெக்யூ, கிரிக்கெட்" என்பதற்கு மேலே, யாருடைய இடத்துக்குப் போகிறோம் என்று ஒரு வரி சேருங்கள். காலைப் பொழுதைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே கேட்டு, அவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்து நடக்கலாம். கிரிக்கெட் மாலையில் ஆடினாலும் தோற்பவர்கள் தோற்கத்தான் போகிறார்கள். ரெக் பே கிராமத்துக்குள் "சும்மா ஒரு சுற்று" வண்டியை விடும் யோசனை சென்றமுறை எழுந்தது. அது மக்கள் குடியிருக்கும் ஊர், வேடிக்கை பார்க்கும் இடமல்ல. நம் வீட்டு முற்றத்தில் முன்பின் தெரியாத பஸ் வந்து நின்றால் நாம் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும், அதைத் திறந்த மடலில் எழுத முடியாது.

நுழைவுக் கட்டணம் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டாம். ஹோம்புஷில் பஸ் புறப்படும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று நானே வசூலித்து, வாயிலில் நானே இறங்கிக் கொடுத்துவிடுகிறேன். அதற்காக எனக்கு முன் இருக்கை ஒன்று ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
கடைசி இருக்கைக்காரன்