அரசியல் ஆய்வாளரிடம் ஆரூடம் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலேசியாவில் நம் பேராக் மாநில அரசியல் பற்றி ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் பேட்டியை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். தலைப்பு, 'இந்தியர் ஓட்டு யாருக்கு?' உள்ளே படித்தால் தொகுதிக்குத் தொகுதி மாறும், இப்போதே சொல்ல முடியாது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். இங்கே சுங்கை சிப்புட்டில் ஒரு பத்திரிகையை நாலு பேர் படிக்கிறோம், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்தான் அதில் அதிகம், அப்புறம் பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று அவர் சொல்லாத ஒன்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது.

என் அப்பா ரப்பர் மரம் சீவியவர். 2022 நவம்பர் மாநிலத் தேர்தல் முடிந்ததும் கரண்ட் பில் பின்பக்கத்தில் கட்சிக் கூட்டணிகள் பிடித்த இடங்களை பெரிக்காத்தான் 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9 என்று எழுதிக் கூட்டினார். சட்டமன்றத்தின் மொத்த இடம் 59 சரியாக வந்தது. ஆனால் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராக, பதவியேற்றது அந்த 9 பேர் அணியின் சாரானி முகமட். "தப்பா கூட்டிட்டேனாம்மா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு வானொலியில் ஓர் அரசியல் ஆய்வாளர் தமிழிலேயே விளக்கினார்: அதிக இடம் பிடித்த கட்சிதான் ஆள வேண்டும் என்று சட்டம் இல்லை, சபையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறது என்று சுல்தான் கருதுகிறாரோ அவரே மந்திரி பெசார், 24-ம் 9-ம் சேர்ந்தால் 33, தேவை 30. அப்பா பில்லில் 33 என்று எழுதி வட்டம் போட்டார்.

இதுதான் எங்களுக்கு வேண்டும். 2009-இல் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளும் கூட்டணியிலிருந்து விலகியதில் மந்திரி பெசார் நிஜாரின் ஆட்சி போய் அந்த இடத்துக்கு ஜம்ரி வந்தார், சபாநாயகர் சிவகுமாரைச் சபையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். சபையில் வாக்கெடுப்பு நடத்தித்தான் மந்திரி பெசாரை இறக்க வேண்டும் என்பதில்லை என்று 2010-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020 டிசம்பரில் அப்போதைய மந்திரி பெசார் பைசால் அஸுமு சபை வாக்கெடுப்பிலேயே விழுந்தார், ஆதரவு 10, எதிர்ப்பு 48. ஒரே மாநிலம்தான், ஒரு ஆட்சி வாக்கெடுப்பில்லாமல் மாறியது, இன்னொன்று வாக்கெடுப்பில் மாறியது. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல படித்த ஆள் வேண்டும், ஜோசியர் வேண்டாம்.

எங்கள் கவலையில் பாதி நிலம்தான். லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி நிலம் எல்லாம். நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது, முடிவு மாநிலத் தலைநகர் ஈப்போவில் எடுக்கப்படுகிறது, நாமோ மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆய்வாளர்களிடம் இதை யாரும் கேட்பதில்லையே, ஏன்?

இன்னொன்று. கட்சிக்காரர், முன்னாள் அதிகாரி, பேராசிரியர் எல்லாருக்கும் 'அரசியல் ஆய்வாளர்' என்றே போடுகிறீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, கட்சியிலோ அரசாங்க வாரியத்திலோ பதவி இருக்கிறதா என்று பெயருக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். பதவி இருப்பது குற்றமில்லை, தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பேராசிரியரை மறுபடி கூப்பிடுங்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் வேண்டாம், சட்டமன்றம் கூடும் ஒவ்வொரு முறையும் கூப்பிடுங்கள், அவர் சொன்னதையே தலைப்பாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்