புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தியத்தலாவை போயர் கைதி முகாம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போயர்கள் என்றால் தென்னாபிரிக்காவில் குடியேறி, பிரிட்டிஷாரோடு போரிட்ட டச்சு வழிவந்தவர்கள். 1900 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களோடு பொருதிய ஒருவரின் பதக்கங்கள் மூன்று, போன மாதம் பண்டாரவளையில் என் மகனுடைய நகைக்கடை மேசைமேல் கிடந்தன.

கொண்டுவந்த தம்பி தோட்டத்துப் பிள்ளை. வெள்ளியை நிறுத்துக் காசு தரச் சொன்னார். அவருடைய பூட்டனார் நுவரெலியா பந்தயத் திடலில் குதிரைக்காரராம்; அங்கே குதிரை பழக்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். வீட்டுக் கதை, அப்படியே சொல்கிறேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் வெள்ளி தட்டியவன் நான். நிறுக்குமுன் விளிம்பைப் பார்ப்பது பழக்கம். பூதக்கண்ணாடியில் மூன்று விளிம்புகளும் ஒரே எண்ணையும் ஒரே பெயரையும் காட்டின: 5ஆம் லான்சர் என்ற பிரிட்டிஷ் ஈட்டிக் குதிரைப்படை. முதலாவதில் கார்ப்பரல், மற்ற இரண்டிலும் சார்ஜன்ட்.

முதலாவது விக்டோரியா மகாராணியின் தென்னாபிரிக்கப் பதக்கம். அதன்மேல் எந்தச் சண்டைக்கு என்று சொல்லும் இரண்டு பட்டைகள். ஒன்று ஈலாண்ட்ஸ்லாக்ட: 1899 ஒக்டோபர் 21 அந்தியில், பின்வாங்கிய போயர்கள்மீது ஈட்டியோடு பாய்ந்த சண்டை. மற்றது லேடிஸ்மித், போயர்கள் முற்றுகையிட்ட பிரிட்டிஷ் ஊர். 118 நாள் முற்றுகையில் உணவு சுருங்க, குதிரைகளை அறுத்துக் காய்ச்சிச் சாறெடுத்துக் குடித்தார்கள். குதிரைப்படைக்காரன் குதிரையைக் குடித்ததற்கும் ஒரு பட்டை!

இரண்டாவது அதே போருக்கு எட்வர்ட் மன்னர் பெயரில் கொடுத்தது, 1901, 1902 என்ற பட்டைகளோடு. மூன்றாவது நெடுஞ்சேவைக்கும் நன்னடத்தைக்கும் கொடுப்பது. ரிப்பன் இற்று நாலைந்து கருஞ்சிவப்பு நூலாகத் தொங்கியது. 18 வருடம் பேர் கெடாமல் இருந்தவருக்கே அது கிடைக்கும். சாராயம் மலிந்த பாளையத்தில் லேசான காரியமா?

என் வயிற்றெரிச்சல் வேறு. தம்பி அவற்றைப் புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைப் போலத் தேய்த்திருந்தார். சண்டை 1900இலேயே முடிந்துவிடும் என்ற நினைப்பில், முதற்பதக்கத்தின் அச்சில் 1899-1900 என்று வெட்டிவிட்டார்கள். சண்டையோ 1902 மே 31 வரை இழுத்தது. ஆண்டை அச்சிலிருந்து அழித்த பிறகும் ஒரு பகுதிப் பதக்கங்களின் பின்புறத்தில் அதன் நிழல் தங்கிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இதில் 18 மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மிச்சத்தைப் புளி தின்றுவிட்டது.

லயத்துப் பெட்டிகளில் இப்படி எதையாவது வைத்திருப்பவர்கள் உருக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. இந்தியாவிலிருந்து படையோடு போன குதிரைக்காரர், சுமைகாரர் போன்றவர்களுக்குக் கொடுத்தது அது. வெள்ளி இல்லையென்று பழைய பித்தளையோடு போட்டுவிடாதீர்கள். அந்த விளிம்பில் நம் பக்கத்துப் பெயரொன்று இருக்கலாம்.

தம்பிக்கு நான் விலை சொல்லவில்லை. மூன்றையும் பழைய வேட்டித் துண்டில் தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி, "ஐயா, அம்மாச்சியின் பெட்டியில் செம்புக்காசு மாதிரி பெரிதாக ஒன்று கிடக்கிறது, அதையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். தேய்க்காமல் கொண்டுவரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகைத் தொழிலாளி,
பண்டாரவளை