தியாகுவை எங்கள் லயத்துக்கும் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் பெண் எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வார இதழ்களில் தொடர்கதை எழுதியவர்களை 'குடும்பக் கதைக்காரர்கள்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரிக்குள் சிவசங்கரியையும் சேர்த்துவிட்டதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' நாவல் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, புத்தகமாக வரவில்லை. வார இதழிலிருந்து கிழித்த பக்கங்களைக் கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு, பட்டணத்திலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள். நடுவில் இரண்டு வாரத்துப் பக்கங்கள் இல்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நான் சத்தமாகப் படிப்பேன். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்.

கதையில் வரும் தியாகு படித்தவன், வசதியுள்ளவன், குடிக்கு அடிமையானவன். எங்கள் பெரியப்பா சம்பள நாளில் கள்ளுக்கடைக்கும், அப்புறம் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கும் போனவர். ஆனாலும் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்ற சத்தியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரு ராத்திரி பாதிப் பக்கத்தில் பெரியம்மா, "போதும்மா, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்தவர், "விட்ட இடத்திலேருந்து படி" என்றார்.

குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று எங்களுக்கு முதலில் சொன்னது அந்தக் கதைதான். அதுவரை கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவோம், இல்லையென்றால் 'என் தலையெழுத்து' என்று அழுவோம். பின்னாளில் ரகுவரன் தியாகுவாக நடித்துத் தொலைக்காட்சித் தொடராகவும் அது வந்தது.

சிவசங்கரி நடுநடுவே கதையை நிறுத்திப் புத்தி சொல்வார் என்பது உண்மைதான். எங்களுக்கு அந்தப் புத்தியும் தேவைப்பட்டது.

அப்புறம் 'பாலங்கள்'. மூன்று தலைமுறைப் பெண்களை ஒரே நாவலில் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டியிருப்பார். பாட்டிக்கு எது சாதாரணமோ அது பேத்திக்குத் தாங்காது. வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பிப் போய் ஏமாந்த பெண்ணின் கதையான '47 நாட்கள்' 1981இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் படமானது. பல மொழி எழுத்தாளர்களைத் தேடிப் போய்ப் பேசி, 'இலக்கியம் மூலம் இந்திய இணைப்பு' என்று 4 தொகுதிகள் கொண்டுவந்தார். அவருடைய நினைவுக் குறிப்பான 'சூரிய வம்சம்' 2022ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் விருது பெற்றது. இவ்வளவையும் செய்தவருக்கு ஒரு வரிதானா?

எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனைதான். லயத்தை இடித்துவிட்டார்கள், நாங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். மலிவுச் சாராயப் போத்தல் மட்டும் எங்களோடு கூடவே வந்துவிட்டது. போன மாதம்கூட ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தத் தைத்த பக்கங்களைத்தான் எடுத்துக் கொடுத்தேன். தாள் பழுத்துவிட்டது, ஓரமெல்லாம் உதிர்கிறது.

உங்கள் மகளிர் பகுதியில் இந்த நாவலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், ஐயா. குடியை நிறுத்த நம் நாட்டில் எங்கே உதவி கேட்கலாம் என்பதையும் அதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.