பாப்பா, மாஸ்க் போட்டுக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்ன மாமா வீட்டு விஷயம் நீ நினைத்தபடியே முடிந்தது, அதை நேரில் பேசிக்கொள்வோம். ரசப்பொடி, பருப்புப்பொடி, சுக்கு, சித்தரத்தை எல்லாம் பார்சலில் போட்டிருக்கிறேன். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள், கடித்துத் துப்பிவிடாதே. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதி உள்ளே வைக்கிறேன்.

ஜெர்மனியில், அந்த ட்ரெஸ்டனில் குளிர் அதிகமா? குளிர்காலத்தில் இருமல் யாருக்குத்தான் இல்லை என்கிறார் அப்பா. சரி.

லேபில் மாஸ்க் போடுகிறாயா? துணி மாஸ்க்கைச் சொல்லவில்லை. என்95 மாதிரி முகத்தோடு இறுக்கமாக ஒட்டி நிற்கும் மாஸ்க்.

உன் ஆராய்ச்சிப் பேப்பர் வந்ததை அல்சூரில் சொல்லாத வீடு இல்லை. சோமேஸ்வரர் கோயிலில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். உன் மகள் என்னதான் செய்கிறாள் என்று கேட்கிறார்கள். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். போன் பேட்டரிக்குள் இப்போது பெரும்பாலும் இருப்பது கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லிஆம்பியர்-மணி மின்சாரத்தைத்தான் பிடித்துவைக்கும், அதே ஒரு கிராம் சிலிக்கான் ஏறக்குறைய 3,600 பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருக்கிற லித்தியம் சிலிக்கானுக்குள்ளே போனதும் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி மூன்று நான்கு மடங்கு உப்பி, வெடித்துப் பொடிந்துவிடும். துணுக்கை 150 நானோமீட்டருக்கும் சின்னதாக்கிவிட்டால் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும், அதற்காகத்தான் என் மகள் ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறாள். இவ்வளவும் சொல்வேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கும் பெருமைதான், இல்லாமலா?

இன்ஸ்டிட்யூட்டில் பிஎச்டி செய்தபோது ஒரு சிலிக்கான் சில்லை டப்பாவில் போட்டு எடுத்து வந்தாயே, நினைவிருக்கிறதா? விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தாய். சாம்பல் நிறச் சில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. ஆசிட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் சிலிக்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், அதனால்தான் இந்த ஒளி என்றாய். 1990இல் இங்கிலாந்தில் லீ கேன்ஹம் என்பவர் கண்டுபிடித்தது என்று சொன்னாய். அந்த ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் தோலைத் தாண்டி எலும்பு வரை போகும் என்று தெரிந்த நாளிலிருந்து நீ வீட்டுக்குள் வந்ததும் உன் கையைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது இந்த சிலிக்கான் பொடி வந்து சேர்ந்திருக்கிறது.

இது எனக்குப் புரியாத விஷயம் என்று நினைக்காதே. ஜாலஹள்ளி ஃபேக்டரியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டிய கை இது. பூ வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, பவுடர் பூசக் கூடாது. மல்லிகையைக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிட்டு, தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டுதான் போவோம். அந்தக் கட்டுப்பாடெல்லாம் எங்கள் தூசி சில்லின்மேல் விழக் கூடாது என்பதற்காக. சில்லின் தூசி எங்கள்மேல் விழுவதைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஒன்றும் இல்லை. உனக்கு இருக்கிறது.

போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாய். தராசு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்குகிறது. தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் பழுப்பாகக் கொஞ்சம் பொடி சிந்திக் கிடக்கிறது. நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

துணுக்கு சின்னதாகச் சின்னதாகப் பேட்டரிக்கு நல்லது என்கிறாய். சின்னதாகச் சின்னதாகத்தான் அது மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடிவரை போகிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கோலார் தங்கவயல் தாத்தாவுக்கு நுரையீரல் நோய் வந்தது குவார்ட்ஸ் தூசியால், அது படிக சிலிக்கா, நான் எடுப்பது சுத்த சிலிக்கான், இரண்டும் ஒன்றில்லை அம்மா என்பாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாத்தாவுக்கும் ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தங்கம் இருப்பதே குவார்ட்ஸ் பாறையில்தான், அதைத் துளை போட்டவர் அவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வந்த மனுஷன், 2001இல் சுரங்கத்தை மூடியபோது வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் நின்றார். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் டிபி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அந்தத் தூசி உள்ளே போனது இளவயதில், காட்டிக்கொடுத்தது பத்து இருபது வருஷம் கழித்து. பாட்டி அவர் சட்டையைக் கல்லில் அடிக்கும்போது கிளம்புகிற தூசியில் நாங்கள் விளையாடியிருக்கிறோம்.

அதனால் கோட்டை ரூமுக்கு எடுத்து வராதே, அங்கேயே விட்டுவிட்டு வா. சிந்தின பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதே. சுரங்கத்தில் தண்ணீர் விட்டுத் துளை போட ஆரம்பித்த பிறகுதான் தூசி குறைந்தது என்று தாத்தாவே சொல்லியிருக்கிறார். ஆர்கான் வாயு நிரப்பி மூடிய பெட்டிக்குள் கை விட்டுச் செய்கிற வேலையைப் பற்றி எனக்குப் பயமில்லை. எடை போடுகிற நேரம்தான். காற்றை உறிஞ்சுகிற கூண்டுக்குள் வைத்து எடை போடு. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காதே.

குஜராத்தில் தொலேராவில் டாடா சிப் ஃபேக்டரி கட்டுகிறார்கள் என்று அப்பா பேப்பரை வெட்டி வைத்திருக்கிறார். அதைக் காட்டி உன்னைத் திரும்பி வா என்று சொல்லப்போவதில்லை. உன் காண்ட்ராக்ட் எப்போது முடிகிறது, அடுத்து கம்பெனியா, மறுபடி ஆராய்ச்சியா, அது உன் முடிவு. ஆனால் அந்தப் பேச்சு சித்தப்பா வாயிலிருந்து எனக்கு வந்தது சரியில்லை. அவரிடம் சொல்ல நேரம் இருந்தது, என்னிடம் சொல்ல நேரமில்லை. பொங்கலன்று கூட அப்பாதான் கூப்பிட்டார், நீ கூப்பிடவில்லை.

அன்றைக்கு வீடியோவில் நடுநடுவே சத்தத்தை அணைத்தாய். நெட் சரியில்லை என்றாய். சத்தம்தான் இல்லை பாப்பா, படம் இருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதும், தோள் குலுங்கியதும் தெரிந்தது. அப்பா கவனிக்கவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை.

சளியாகவே இருக்கட்டும். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடு. லேபில் என்ன பொடி எடுக்கிறாய் என்பதை டாக்டரிடம் நீயே சொல், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. பத்து வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவாவது இன்றைய படம் ஒன்று கையில் இருக்க வேண்டும். எடுத்ததும் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாதே, படத்தை அனுப்பு. தாத்தாவின் ஃபிலிம்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவள் நான். மேல்பகுதியில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் எனக்குத் தெரியும்.

இந்த வாரமே போ. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் என் நம்பருக்கு மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பருப்புப்பொடியில் இந்த முறை பெருங்காயம் கூடிவிட்டது. நெய் கொஞ்சம் அதிகமாக விட்டுக்கொள்.