கியர் போனால் சைக்கிள் போய்விடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் எந்த சைக்கிள் வாங்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லியிருந்தவற்றில் மிகக் குறைந்த விலையே எட்டாயிரம் ரூபாய். எங்கள் தெருவில் எட்டாயிரத்தை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடிகிற வீடுகள் குறைவு. போன வருஷம் நான் 1,920 ரூபாயில் ஒரு சைக்கிளைத் தேற்றிக் கொடுத்தேன். அது இன்றும் தினமும் 14 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படிச் செய்தேன் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு பஞ்சாலையில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அப்பா பெயின்டர். 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை அவனுடைய அக்கா வேலைக்கு எடுத்துப் போகிறாள். காலை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்து, ஆறேழு கியர் சைக்கிள்களைப் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபிரேம் வளையாத ஒன்றைப் பார்த்து எடுத்தேன். 16 கிலோ, கிலோ 28 ரூபாய். 450 ரூபாய் கொடுத்தேன்.

அந்த வண்டிக்கு என்ன கேடு என்று பார்த்தால், பின்னால் செயினைத் தள்ளிவிடும் கியர்க் கை வளைந்து போக்ஸுக்குள், அதாவது சக்கரக் கம்பிகளுக்குள், மாட்டியிருந்தது. அவ்வளவுதான். ரிம் நன்றாக இருந்தது, ஃபோர்க் நேராக இருந்தது. மலிவு விலைக் கியர் சைக்கிள்களில் முதலில் போவது இந்தக் கைதான். சைக்கிள் ஒரு தடவை வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும். அதைச் சரிசெய்யும் கூலிக்குப் பயந்து வண்டியை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் டயரில் காற்று இறங்கி, வெடித்து, கடைசியில் எடைக்குப் போகிறது.

நான் கியரைச் சரிசெய்யவில்லை, முழுவதும் கழற்றிவிட்டேன். முன் கியர், பின் கியர், ஹேண்டில்பாரில் இருந்த இரண்டு லீவர், அவற்றின் கேபிள், பின் சக்கரத்தில் ஆறு பல்சக்கரம் சேர்ந்து, மிதிக்காதபோது சும்மா சுழல விடுகிற ஃப்ரீவீல் எல்லாவற்றையும் தராசில் வைத்தபோது ஒரு கிலோ 400 கிராம் இருந்தது. அத்தனையும் போய் முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், நடுவில் ஒரு செயின் என்று ஆனது. என் அப்பா ஓட்டிய சைக்கிளும் அப்படித்தான் இருந்தது.

ஃப்ரீவீலைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகிற மரை அது. வருஷக்கணக்கில் துருவும் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு ராத்திரி ஊற வைத்தேன். கழற்றும் டூலை வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தைக் கவிழ்த்து உட்கார வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பையன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தோம். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் கையாலேயே கழன்று வந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீலும் அதே மரைதான், சக்கரத்தின் நடுவில் இருக்கும் அதே ஹப்பில் அப்படியே ஏறும். இது தெரியாததால் சிலர் பின் சக்கரத்தையே புதிதாக வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால் ஏற்றியதும் மிதிக்கக் கூடாது. செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். மில்லில் செயின் ஓடுகிற எந்த மெஷினிலும் நாங்கள் முதலில் நூல் பிடித்துத்தான் பார்ப்போம். இதிலும் பிடித்தேன். ஒற்றை ஃப்ரீவீல் போக்ஸை ஒட்டி உட்காருவதால் பின் பல்சக்கரம் உள்ளே ஒதுங்கி நின்றது. ஆக்சிலில் வலப்பக்கம் இருந்த வாஷர்களைக் கழற்றி இடப்பக்கம் போட்டேன். ஹப் வலப்பக்கம் நகர்ந்தது, கூடவே ரிம்மும் நகர்ந்தது. அப்புறம் வலப்பக்க போக்ஸைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, இடப்பக்க போக்ஸை இறுக்கி, ரிம்மை ஃபிரேமின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. ஆனால் கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் வலப்பக்க போக்ஸ் மட்டும் விறைப்பாகவும் இடப்பக்கம் தளர்ந்தும் இருக்கும். இப்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இழுப்பு, சக்கரத்துக்கும் அதுதான் நல்லது.

செயினைப் பற்றி ஒன்று. கியர் செயின் ஒல்லியானது, ஒற்றை ஃப்ரீவீலின் தடித்த பல்லில் சரியாக உட்காராது. பழைய செயினைப் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். சாதாரண சைக்கிள் செயின் 190 ரூபாய்தான்.

நீளத்தில்தான் சிக்கல். பழைய வண்டிகளில் பின் ஆக்சில் உட்காரும் வாய் பின்பக்கமாகத் திறந்திருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் செயின் விறைத்துவிடும். இந்த வண்டியில் வாய் கீழ்ப்பக்கம் திறந்திருந்தது, சக்கரம் நகராது. 18 பல் போட்டேன், செயின் தொங்கியது. ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்தால் எட்டவில்லை. 20 பல் மாற்றியதும் கச்சிதமாக நின்றது. 16 பல் போட்டு ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்தாலும் அதே விறைப்பு வருகிறது என்பதை அப்புறம் கண்டுபிடித்தேன்.

எது வேண்டும் என்று பையனைக் கேட்டேன். வேகமாகப் போகிற 16 வேண்டும் என்றான். அவன் போக வேண்டியது மேற்கே. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். முன்னால் நடுச் சக்கரம் 38 பல். பின்னால் 16 என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற வண்டி ஏறக்குறைய 4.9 மீட்டர் போகும், 20 என்றால் 3.9 மீட்டர். எதிர்காற்றில் அந்த ஒரு மீட்டர் முழங்காலைக் கேட்கும். அதனால் 20 போட்டுக் கொடுத்தேன். ஆடி முடிந்ததும் வந்தான், 16க்கு மாற்றினோம். இந்த வருஷம் ஆனி பிறந்ததும் அவனாகவே வந்து 20 போட்டுக்கொண்டான். வைஸ் மட்டும்தான் என்னுடையது.

முன்னால் மூன்று பல்சக்கரங்களும் ரிவிட் அடித்து ஒன்றாக இருந்தன. பெரியதின் பல்லை மட்டும் கிரைண்டரில் மழித்துவிட்டேன், பேன்ட் மாட்டாது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். வண்டி 450, ஃப்ரீவீல் இரண்டு 240, செயின் 190, பிரேக் கட்டைகள் 80, பிரேக் கேபிள் 150, ட்யூப் இரண்டு 320, பின் டயர் 420, பால்ரஸும் கிரீஸும் 70. மொத்தம் 1,920. உங்கள் ஊர்க் கடையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். எதில் குறைத்தாலும் பிரேக்கில் குறைக்காதீர்கள். கேபிள் பார்க்க நன்றாக இருந்தாலும் பழையது பழையதுதான்.

பிரேக் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலை நடக்கும்போது வேறொரு பையன் வந்தான். கால் நிறுத்தினால் சக்கரமும் நிற்கிற ஃபிக்ஸட் சைக்கிள் வேண்டுமாம், பிரேக்கே வேண்டாமாம். நான் மறுத்தேன். வேறு எங்கோ ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். ஒரு பாலத்து இறக்கத்தில் காலைப் பின்னால் அழுத்தியதும், பல்சக்கரம் மரையில் கழன்று சும்மா சுற்றியிருக்கிறது. தாடையில் ஐந்து தையல். காரணம் எளிது. முன்னால் மிதித்தால் அந்த மரை இறுகும், பின்னால் அழுத்தினால் கழலும். இதற்கென்றே செய்த ஹப்பில், எதிர்த்திசை மரை போட்ட ஒரு லாக் ரிங் வெளியே இருந்து பிடித்துக்கொள்ளும். நம் சாதாரண ஹப்பில் அந்த மரையே கிடையாது. பிரேக் இல்லாத ஃபிக்ஸட் வண்டி பந்தயத் திடலில் ஓடுகிறது, அங்கே குறுக்கே யாரும் வருவதில்லை. நம் ரோட்டில் ஆட்டோ வரும், மாடு வரும், குழந்தை வரும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். ஃப்ரீவீல் போட்ட ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கும் இதே செலவுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்தில் தூசி பிடித்து நிற்கும் சைக்கிள்களை எடைக்குப் போடும் முன் பக்கத்துத் தெருவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிலோ 28 ரூபாயில் உங்களுக்கு வருவது நானூறு சொச்சம். சைக்கிள் செய்கிற கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல ஆசை. கியர் வண்டியாகவே இருந்தாலும், சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி ஆக்சில் வாயை வையுங்கள். ஃபிரேம் இருபது வருஷம் இருக்கும், கியர் இருக்காது.

இப்போது என் வீட்டு வராந்தாவில் இன்னும் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று முடிந்துவிட்டது, சீட் மட்டும் வர வேண்டும். இன்னொன்றின் ஃப்ரீவீல் நேற்றுதான் மண்ணெண்ணெயில் ஊறத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலை ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.