பட்டுவுக்கு வயதாகிறது

திருச்சி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை நாலே வரியில் முடித்துவிட்டு, மீதியெல்லாம் உன் பூனை பட்டு, சோபாவுக்குப் பின்னால் ஈரம் பண்ணுவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய். பாட்டியான சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடாமல் படுத்துகிறான் போலிருக்கிறது. குழந்தைக்குப் பெயர் வைத்ததும் எழுது. இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. இவர் ஓய்வுபெற்றதிலிருந்து மொட்டைமாடியில் தக்காளி போடுகிறார், அணில்கள் சாப்பிடுகின்றன.

சரி, பட்டு விஷயத்துக்கு வருகிறேன். "வீம்புக்குப் பண்ணுது, குழந்தை மேல பொறாமை" என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார் என்றாய். வீட்டில் ஒரு மாற்றம் வந்தால் பூனை கலவரப்படும், அது உண்மை. ஆனால் பழிவாங்க மூத்திரம் போகும் புத்தி பூனைக்குக் கிடையாது. தவிர, பிள்ளைத்தாய்ச்சியாக மகள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தீபாவளி வாக்கில் இது ஆரம்பித்துவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். பதினைந்து வயதுப் பூனை திடீரென்று பழக்கத்தை மாற்றினால் முதலில் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரவில் அவர் எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார் என்று கேட்டுப் பார், புரிந்துகொள்வார்.

எங்கள் பூனை கருப்பிக்கும் கடைசிக் காலத்தில் இதே கதைதான். அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. வயதான பூனைகளில் இது ரொம்பச் சாதாரணம். சிறுநீரைச் செறிவாக்கும் சக்தி குறைந்துவிடுவதால் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையப் போகும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்கும் என்பார்கள். அதனால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, சிறுநீரும் பார்க்க வேண்டும். டாக்டரே ஊசி வைத்துச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்துக்கொள்வார், பயப்படாதே. சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல். நீ இருக்கும் இடத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தானே, அங்கேயே காட்டலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பட்டு ஆண். அவன் மூத்திரம் போகிற மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுக்கூட வரவில்லை, கத்துகிறான் என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடு.

சோபாவுக்குப் பின்னால் மூத்திரம், தட்டுக்குப் பக்கத்துத் தரையில் மலம் என்று நீ எழுதியதைப் பார்த்தால் மூட்டுவலியும் இருக்கும் என்று தோன்றுகிறது. 2002-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்ததில் 90-க்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்ததாம். பூனை நொண்டிக் காட்டாது. ஜன்னல் திண்டில் ஏறுவதை நிறுத்தும், முதுகுப்பக்க மயிரை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடும், நகம் தடித்து வளரும். மலம் கழிக்க அதிக நேரம் குந்த வேண்டும். மலச்சிக்கலும் சேர்ந்தால் பாதியிலேயே எழுந்து நடந்துவிடும், தரையில் விழும். ஈர உணவு கொடு, தண்ணீர்க் கிண்ணம் ரெண்டு மூன்று இடத்தில் வை. வலிக்கு டாக்டர் மருந்து தருவார். உன் அலமாரியில் இருக்கிற பாரசிட்டமாலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதே, பூனைக்கு அது விஷம்.

அப்புறம் அந்தத் தட்டு. மூடி போட்ட விலையுயர்ந்த பெட்டி, பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் என்றாய். அவன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார். படுக்கையறையிலிருந்து வழவழப்பான டைல்ஸில் வழுக்கிக்கொண்டு நடந்து, பால்கனிக் கதவின் வாசற்படியைத் தாண்டி, உயரமான விளிம்பு வைத்த பெட்டிக்குள் ஏறி, குனிந்து திரும்ப வேண்டும். நடுவில் மெஷின் உதறத் தொடங்கினால் முடிந்தது. நானாயிருந்தாலும் சோபாவுக்குப் பின்னால்தான் போயிருப்பேன்.

துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கு. மூக்கிலிருந்து வாலடி வரை பட்டுவின் நீளம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். சூடு காட்டிய கத்தியால் ஒரு பக்கத்தை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டிவிடு. மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருந்தால் வெளியே தெறிக்காது. ஒரே பூனையானாலும் இரண்டு தட்டு வேண்டும், ஒன்று அவன் தூங்கும் அறையிலேயே. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வழியெல்லாம் பழைய யோகா பாய் அல்லது ஜமுக்காளம் விரி, ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு போடு. தட்டில் போடும் மணல், வாசனை இல்லாத, பொடியான, ஈரம் பட்டால் கட்டிசேரும் ரகமாக இருக்கட்டும். நீ சொன்ன மர உருண்டை அவன் பாதத்தைக் குத்தும். பழைய தட்டை உடனே எடுத்துவிடாதே, அவன் புதியதற்குப் பழகட்டும். காலையும் மாலையும் அள்ளிவிடு, இப்போது அவனுக்கு நிறையப் போகும்.

ஈரமான இடத்தைப் பினாயில் போட்டுத் துடைக்கிறாய் அல்லவா, அதை இன்றோடு நிறுத்து. பினாயிலும் அந்த மாதிரிக் கிருமிநாசினிகளும் பூனைக்கு ஆகாது. அவற்றை முறிக்கும் நொதி அதன் ஈரலில் போதிய அளவு கிடையாது, பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம், அதன் வாசனை மூத்திர வாசனை போலவே இருப்பதால் திரும்ப அங்கேயே போவான். பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடு.

நம் பாட்டி வீட்டுப் பூனைகளுக்கு இந்தப் பாடெல்லாம் ஏது? கொல்லையில் சாம்பல் குப்பை இருந்தது, தீர்ந்தது. அமெரிக்காவிலும் 1947-ல் எட் லோ என்பவர் பூனைத் தட்டுக்கென்று களிமண் துகளை விற்கத் தொடங்கும்வரை சாம்பலும் மணலும்தான். ஆனால் பாட்டி வீட்டில் எந்தப் பூனையும் பதினைந்து வயது வரை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒருநாள் காணாமல் போகும், அவ்வளவுதான். கருப்பி அறைக்குள்ளேயே கிழமானாள். சில ராத்திரி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்று கத்துவாள். கூப்பிட்டால் வருவாள். அதற்குப் பயிற்சியும் இல்லை, தண்டனையும் இல்லை. திட்டினால் பயந்து, இன்னும் மறைவான இடம் தேடும்.

பட்டுவை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்கிறாரென்றால், எனக்குப் போன் பண்ணிக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். இந்த வயதில் புது வீட்டில் அவன் சாப்பிடவே மாட்டான்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. தை மாதம் அண்ணன் மகன் கல்யாணம் தாம்பரத்தில். சத்திரத்தில் தங்கச் சொல்கிறார்கள், நான் உன் வீட்டுக்குத்தான் வருவேன். ஜமுக்காளம் கடையில் வாங்காதே, எங்கள் வீட்டுப் பரணில் நாலைந்து கிடக்கின்றன, கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சிவகாமி