கீமேன் அப்பாவுக்கு டெர்பியிலிருந்து

டெர்பி,
இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலர் எழுதுவது.

இங்கு நான் நலம். அங்கு எல்லோரும் நலம்தானே? அப்பாவின் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. ஃபோனில் எதைக் கேட்டாலும் "ஆங், சரிம்மா" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டிவிடுகிற அப்பா, நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்! காது மந்தமானால் என்ன, கையெழுத்து இன்னும் கோடு பிசகாமல் இருக்கிறது. இனி நானும் முக்கியமானதை எழுதியே அனுப்புகிறேன். இதைத் தம்பி குமரேசனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். அவனைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைப் படிப்பான். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

முதலில் அம்மாவுக்கு. நன்றாகச் சாப்பிடுகிறேன், இளைக்கவில்லை. வீடியோவில் அப்படித் தெரிவதற்கு இந்த ரூம் விளக்குதான் காரணம். நார்மன்டன் ரோட்டில் பஞ்சாபிக்காரர் கடையில் ராகி மாவு கிடைக்கிறது. போன வாரம் களி கிண்டினேன். துடுப்புக்கு எங்கே போவது? மரக்கரண்டியை வைத்துக் கிண்டியதில் கரண்டி இரண்டாக முறிந்தது. கூட இருக்கும் கோட்டயத்துப் பெண் ஜின்சி ஓடி வந்து பார்த்துவிட்டு, இதை மென்று சாப்பிட வேண்டுமா, விழுங்க வேண்டுமா என்று கேட்டாள். விழுங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கொள்ளுக் கடைசல் இல்லாத களி என்ன களி, இருந்தாலும் இறங்கியது.

குளிர் தொடங்கிவிட்டது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டர் போட்டால் எனக்கு மூக்கும் தொண்டையும் காய்கிறது, அதனால் பெரும்பாலும் போடுவதில்லை. நீ கட்டிக்கொடுத்த கம்பளி போதுமம்மா, இன்னொன்று வாங்கி அனுப்பாதே. முதியோர் ஹோமில் வேலை பழகிவிட்டது. இப்போது எல்லோருக்கும் ஷிஃப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், ஓய்வு நிறையக் கிடைக்கிறது. அந்த ஓய்வில்தான் அப்பா கேட்ட விஷயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மொரப்பூரில் கேமராவும் விளக்குமாக ஏதோ புது மாதிரி வண்டி நின்றது, லைனைப் பரிசோதிக்கிற வண்டி என்றார்கள், வெள்ளைக்காரன் ஊரில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறான் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? கேட்க வேண்டிய ஆள் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். கீத் என்று பெயர், எண்பதை நெருங்கும் வயது. நான் குடிவந்த புதிதில் குட்மார்னிங் சொன்னால் வானத்தைப் பார்த்து "மழை வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மனிதர் ஒருமாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது, என் அப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்தவர், தினமும் லைனில் நடந்து பார்ப்பதுதான் அவர் வேலை என்று சொன்னேன். அன்றைக்குப் பிடித்த பேச்சை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

அவர் இங்கேயே ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். 'மார்க் 3' என்ற வகைப் பெட்டிகளெல்லாம் டெர்பியில்தான் கட்டினார்களாம். இந்த நாட்டின் தண்டவாளத்தைப் பரிசோதிக்க மஞ்சள் நிறத்தில் ஒரு வண்டி ஓடுகிறது. நியூ மெஷர்மென்ட் டிரெயின் என்பது பெயர், ஜனங்கள் 'பறக்கும் வாழைப்பழம்' என்கிறார்கள். அதில் இருப்பவையும் அந்த மார்க் 3 பெட்டிகள்தான். தான் பற்றவைத்த பெட்டி இன்னும் மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் ஓடுகிறதா என்று இந்தக் கிழவர் துரத்தித் துரத்திப் போய்ப் பார்க்கிறார். மகன் ஆஸ்திரேலியாவில், மனைவி இல்லை. அந்த வண்டி வருகிற நாள்தான் அவருக்குப் பண்டிகை.

அது எப்போது வரும் என்று ஸ்டேஷனில் எழுதிப் போட மாட்டார்கள், ஆள் ஏற்றும் வண்டியில்லையே. ஆனால் இங்கே எல்லா வண்டிகளின் ஓட்டத்தையும் ரயில்வே வெளிப்படையாகக் கொடுத்துவிடுகிறது. அதை வைத்து 'ரியல்டைம் டிரெயின்ஸ்' என்று ஓர் இணையதளம் நடக்கிறது. எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குத் தாண்டியது, எத்தனை நிமிடம் முந்தி, எத்தனை நிமிடம் பிந்தி என்று எல்லாம் அதில் வரும். வண்டி எண்ணில் இரண்டாவதாக 'கியூ' என்ற எழுத்து இருந்தால் சோதனை வண்டி என்று கீத் சொல்லிக்கொடுத்தார். பட்டியலில் இருப்பதால் வந்தே தீரும் என்றும் இல்லை. தேவைப்பட்டால் மட்டும் ஓடும் என்று போட்டிருக்கும், கடைசி நேரத்தில் ரத்து செய்துவிடுவார்கள்.

முதல் முறை எங்களுக்கு அப்படித்தான் ஆனது. டெர்பிக்கும் பர்ட்டனுக்கும் நடுவில் வில்லிங்டன் என்று சின்ன ஸ்டேஷன், நம் முத்தம்பட்டி மாதிரி. அங்கே பிளாட்ஃபார முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கில் டீ, அப்புறம் சீஸ் வைத்த ரொட்டி. ஊறுகாய் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தார். ஆசையாகக் கடித்தால் வெல்லப்பாகு போலத் தித்திக்கிறது, காரமும் இல்லை உப்பும் இல்லை. இதற்குப் பெயர் ஊறுகாயாம்! முகத்தை மாற்றாமல் தின்று தீர்த்தேன். மஞ்சள் வண்டி வரவில்லை. அதற்குப் பதிலாக 1960களில் கட்டிய பழைய டீசல் என்ஜின் ஒன்று இரண்டு மூன்று சோதனைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடகடவென்று போனது. அதுவும் மஞ்சள்தான். கீத் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார், ஆனால் முகம் தொங்கிப்போய்விட்டது.

அடுத்த முறை வந்தது. ஃபோனில் டெர்பியை விட்டுவிட்டது என்று காட்டியதும் அவர் நாற்காலியை மடக்கித் தூரமாக வைத்துவிட்டு, பிளாட்ஃபாரத்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு என்ஜின், நடுவில் பெட்டிகள். பார்த்தோமா இல்லையா என்பதற்குள் போய்விட்டது. இதற்காகவா இவ்வளவு நேரம் விறைத்தோம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று என்றார். ஜப்பானில் இதே மாதிரி மஞ்சள் வண்டியைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று ஜனங்கள் நம்புவார்களாம். இங்கே நோட்டில் ஒரு டிக், அவ்வளவுதான்.

அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களானால்: அடியில் லேசரும் கேமராவும். ஓடுகிற வேகத்திலேயே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் சரியா, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று அளந்துவிடுகிறது. தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற கிளிப் கழன்று கிடந்தால் படம் காட்டிக் கொடுத்துவிடும். மேலே மின்கம்பியையும் பார்க்கிறது. லைனில் இடங்களை இங்கே இன்னும் மைல், செயின் கணக்கில் குறிக்கிறார்கள். எண்பது செயின் ஒரு மைல். நிலம் அளக்கிற அதே சங்கிலிக் கணக்கை இவர்கள் ரயிலில் இன்னும் விடவில்லை. மோசமான பழுது என்றால் உடனே தகவல் போய் வேகத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் லைனையே மூடிவிடுவார்கள். மற்றதெல்லாம் அந்தந்த டெப்போவுக்குப் பட்டியலாகப் போகும், ராத்திரியில் ஆட்கள் போய்ச் சரிசெய்வார்கள்.

2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டு என்ற இடத்தில், தண்டவாளத்துக்குள் ஓடியிருந்த விரிசலால் வண்டி தடம்புரண்டு நாலு பேர் செத்துப்போனார்கள். அந்தத் தண்டவாளம் முந்நூறு துண்டுக்கு மேல் நொறுங்கிப்போனதாம். மஞ்சள் வண்டியை ஓட்டத் தொடங்கியது 2003-ல். கீத் இதைச் சொல்லிவிட்டு, இனி ஆள் நடந்து பார்க்க வேண்டிய வேலை மிச்சமில்லை என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண்டுபிடிக்கிறது வண்டி, சரி. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பானரோடு போய்க் குனிகிறது யார்? 2019-ல் வேல்ஸில் மார்கம் என்ற இடத்தில், லைனில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் மேல் வண்டி ஏறிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு மாது மாமா ஞாபகம்தான் வந்தது. கீத்திடம் அதைச் சொல்லவில்லை.

நீங்கள் சிரிப்பதற்கு இரண்டு செய்தி. இங்கே தண்டவாளத்தை 27 டிகிரி வெப்பத்துக்குக் கணக்குப் பண்ணி இழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரையைக் கொண்டுவந்து ஒருநாள் வைத்தால் எல்லாம் நெளிந்துவிடும். இன்னொன்று, இந்த மாதத்தில் மர இலை தண்டவாளத்தில் விழுந்து நசுங்கி வழுக்குகிறதாம், பிரேக் பிடிப்பதில்லையாம். தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவுவதற்கென்றே தனி ரயில் ஓட்டுகிறார்கள்.

நம் ஊரைப் பற்றியும் கீத்திடம் சொன்னேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லேயே குட்டி ரயில் ஓடியது, பஞ்சத்துக்காகப் போட்டது, அப்புறம் ஓசூர் வரைக்கும் போனது, 1941-ல் யுத்தத்தின்போது பிடுங்கிவிட்டார்கள் என்று தாத்தா சொல்வாரே, அதைத்தான். மனிதர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டரை அடி கேஜ் என்று விரலை வைத்துக் காட்டுகிறார். டெர்பியில் ஒரு சமையலறையில் உட்கார்ந்து மொரப்பூர் என்ற பெயரை அச்சில் பார்த்தேன். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் கிளிப் தட்டுகிற சத்தம் காடு தாண்டிக் கேட்கும், அம்மா சோற்றை வடித்துத் தூக்குப்போசியில் போட்டுக் கொடுப்பாள், நானும் செல்வியும் கேங் குடிசைக்கு ஓடுவோம். கருவேல நிழல், மோர், உங்கள் சட்டையில் கிரீஸ் வாசனை. இங்கே லைனுக்கு இரண்டு பக்கமும் வேலி. யாரும் யாருக்கும் சோறு கொண்டுபோவதில்லை. சரி, அதை விடுங்கள்.

குமரேசன் விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற டிராக் மெயின்டெய்னர் வேலைக்கு ஆர்டர் வந்தும் போக மாட்டேன் என்கிறான், டிப்ளமோ படித்துவிட்டுச் சுத்தியல் தூக்குவதா என்கிறான், கிருஷ்ணகிரியில் ஓர் ஏஜென்ட் பதினைந்து லட்சத்துக்கு லண்டனில் கேர் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறான், மரவள்ளிக் காட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. கண்டிப்பாக வேண்டாம். 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு, வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்குப் புது ஆள் எடுப்பதையே இந்த அரசாங்கம் நிறுத்திவிட்டது. இல்லாத விசாவுக்கு அந்த ஆள் விலை சொல்கிறான். அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் சின்னசாமி சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்த் திருப்பி வாங்குங்கள். காட்டுப் பத்திரத்தை நகல் எடுக்கக்கூட யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அவனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அடிப்படைச் சம்பளம் 18,000, அதன் மேல் டி.ஏ., உடம்புக்கு வந்தால் ரயில்வே ஆஸ்பத்திரி, உள்ளே இருந்தே பரீட்சை எழுதி ஜே.இ., அதாவது ஜூனியர் என்ஜினீயர் ஆகலாம். நாளைக்கு வேலை இருக்குமா, எத்தனை மணி நேரம் கொடுப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஃபோனையே பார்க்க வேண்டியதில்லை. அக்கா மட்டும் போனாளே என்பான். அக்கா போன நேரம் வேறு.

பணம் இந்த மாதம் பத்துப் பதினைந்து நாள் தள்ளி வரும், இங்கே சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. பேங்க்கில் இருக்கும் என் ஆரத்தை இப்போது திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள். செல்வி வளைகாப்புக்கு நான் வருகிற தேதியைப் பார்த்து நாள் குறிக்க வேண்டாம், அவள் மாமியார் சொல்கிற நாளிலேயே வைத்துவிடுங்கள். கண்ணாடி வளையல் கம்பைநல்லூர்ச் சந்தையில் வாங்காமல் தர்மபுரியில் வாங்கு அம்மா, அவளுக்குப் பச்சையில்தான் பிடிக்கும். ஜின்சியிடம் சொல்லி நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன், அன்றைக்கு அவளுக்கு லீவு.

குமரேசன் ஆர்டரில் என்ன தேதி போட்டிருக்கிறது என்பதை மட்டும் செல்வியை விட்டு உடனே மெசேஜ் போடச் சொல்லுங்கள். மெடிக்கலுக்குக் கூப்பிடும்போது கண்தான் முக்கியம். அதற்கு முன்னால் ரெண்டு நாளாவது ராத்திரி ஃபோனைப் பிடுங்கி வையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் மகள்
மலர்